நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு விநாடி

உன் காகிதக் கட்டு என் மேசைமேல் நாறிக்கொண்டிருக்கிறது. அறுபத்து மூன்று தாள்கள், ஒரு சாக்குப் பை, பை நிறையப் புளி வாசனை. மழை பிடித்ததிலிருந்து அந்த வாசனை இன்னும் ஏறிவிட்டது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னா சார், ஜெராக்ஸோட புளியும் போட்டுட்டியா?" என்கிறார்கள். ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முகம் சுளிக்க இதுவரை நான் ஒருவனே போதுமானவனாக இருந்தேன். இப்போது துணைக்கு நீயும் வந்துவிட்டாய்.

செத்த பிறகாவது என்னை விட்டுத் தொலைப்பாய் என்றுதான் நம்பியிருந்தேன். உன் அடக்கத்தன்று, அமைதியானவர், பொறுமையானவர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர் என்று பங்குத்தந்தை பேசியபோது, வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்துவிட்டேனோ என்று பெட்டிமேல் எழுதியிருந்த பெயரை எட்டிப் பார்த்தேன். நீதான். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த மண் விழுந்த சத்தத்தோடு என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? 'இனி என் கணினி நிரலைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?' என்பதுதான். நான் நல்லவன் என்று எங்கும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

எதையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வது உன் வழக்கம். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

பெங்களூரு வேலையை உதறிவிட்டுக் காவலூருக்கு வந்து, உன் அப்பாவின் புளியந்தோப்பைப் பார்த்துக்கொண்டே நீ ஓர் இயங்குதளத்தை, கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, எழுதத் தொடங்கினாய். பெரிய கம்பெனிகள் கைவிட்ட பழைய கணினிகளிலும் ஓடும். அதன் மூலநிரல் திறந்தே கிடக்கும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். சின்னது, எந்தக் கரட்டு நிலத்திலும் விளையும் என்பதால் அந்தத் தானியத்தின் பெயரையே, 'சாமை' என்று வைத்தாய். எங்கெங்கோ நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் 'சமாய்' என்றார்கள். நீ திருத்தவில்லை. உலகத்தில் நீ திருத்தாமல் விட்ட ஒரே தப்பு அதுதான். மற்ற தப்புகள் எல்லாம் என்னுடையவை, ஒன்றைக்கூட விடவில்லை.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் முகவரிகள் தீர்ந்துபோய்விட்டன. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அடுத்த தலைமுறை நெறிமுறையில் ஆற்று மணல் அத்தனைக்கும் ஒவ்வொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். சாமைக்குப் பழையது மட்டும்தான் தெரியும். அதற்குப் புதியதைக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஆறு வருடத்துக்கு முன் நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பது கௌரவமான சொல். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை, நான் தூக்கினேன். "இவனா?" என்று நீ பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டியிருக்கிறது.

சாமையில் ஒரு விதி வைத்திருந்தாய். எழுதியவனே தன் நிரலை உள்ளே சேர்க்கக் கூடாது. இன்னொருவர் முழுக்கப் படித்து, கீழே 'படித்தவர்' என்ற வரியில் தன் பெயரைப் போட வேண்டும். முகவரி, இணைப்பு எல்லாம் அடங்கிய வலைப் பகுதிக்கு அந்த இன்னொருவர் நீதான். என் தலையெழுத்து உன் பேனா முனையில் இருந்தது. அந்தப் பேனா சிவப்பு.

திரையில் படிக்க மாட்டாய். "தாளா அனுப்புய்யா, தாள்லதான் பொய் தெரியும்" என்பாய். என் கடையிலேயே அச்சிட்டு, சணல் கயிற்றால் கட்டி, காலை பஸ்ஸில் காவலூருக்கு அனுப்புவேன். மூன்றாம் நாள் சிவப்புச் சுழிகளோடு திரும்பி வரும். மறுபடி எழுதி, மறுபடி அனுப்புவேன். நடத்துநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், உங்க ரெண்டு பேருக்கும் கோர்ட்டு கேசா?"

"ஆமாங்க."

"சொத்துத் தகராறா?"

"முகவரித் தகராறு."

"யாரு ஜெயிக்கறாங்க?"

"வாய்தா மேல வாய்தா போய்க்கினு கீதுங்க."

அன்றிலிருந்து அந்தக் கட்டுக்கு அவர் டிக்கெட் போட்டதே இல்லை. வழக்காடுகிறவன் மேல் ஊருக்கு ஒரு பரிதாபம் உண்டு.

அந்த மைசூர்பாகு விவகாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நான்தான் மறக்க நினைத்தேன், நீ விடவில்லை. முதல் வருடக் கடைசியில் என் கடைக் கணினியில் புதிய நெறிமுறை வேலை செய்தது. ஒரு பக்கம் திறந்தது, இன்னொரு பக்கம் திறந்தது. உலகத்துக்கே மின்னஞ்சல் போட்டேன்: 'சாமை புதிய தலைமுறைக்குள் நுழைந்துவிட்டது.' ஒரு கிலோ மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைக்காத குறையாகக் காவலூருக்கு பஸ் ஏறினேன். உன் வீட்டுக் கணினியில் ஏற்றிக் காட்டினேன். திறந்தது. நீ ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மெல்ல மென்று, "சரி. அந்தப் பழைய முகவரிய எடுத்துட்டுக் காட்டு" என்றாய்.

எடுத்தேன். திரை வெளுத்துப்போய் நின்றது.

புது வழி அடைத்துக்கொண்டால் கணினி யாருக்கும் சொல்லாமல் பழைய வழியிலேயே போய்விட்டு வந்துவிடும். அத்தனை நாளும் அதுதான் நடந்திருக்கிறது. என் நெறிமுறை வாசலைத் தாண்டவே இல்லை. நான்தான் ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தேன். நீ இரண்டாவது துண்டை எடுத்தாய். அதோடு விட்டாயா? அன்று மாலையே எல்லோருக்கும் எழுதினாய்: 'மைசூர்பாகு அருமை. நெறிமுறையை இன்னும் ருசி பார்க்கவில்லை.' எங்கோ நார்வேயில் இருக்கிறவன்கூடச் சிரித்தான். மைசூர்பாகு என்றால் என்ன என்று அவன் கேட்டதற்கு நீ செய்முறையை எழுதி அனுப்பினாய். என் அவமானத்துக்கு நெய்யின் அளவுகூடக் குறித்துக் கொடுத்த ஆள் நீ.

அதைக்கூட மன்னித்திருப்பேன். இல்லை, மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

நீ நிரலைப் படித்த முறை உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது. புளிக் கொட்டகையில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து நார் உரிக்கும் நடுவில், கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாய். நிரலை நிரலாகப் படிக்காமல், அது செய்கிற காரியத்தை ஊர்ப் பேச்சில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போவாய். எந்த இடத்தில் அவர்கள் "இன்னாது?" என்கிறார்களோ, அங்கே ஒரு சுழி. "அவங்களுக்குப் புரியலன்னா எழுதினவனுக்கே புரியலன்னு அர்த்தம்" என்பாய். என் நெறிமுறைக்கு வாய்த்த நீதிமன்றம் அது. நீதிபதிகளின் விரல்களெல்லாம் புளி.

அன்று நானும் வந்து உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம்.

"இப்ப ஒரு மெஷினு புதுசா எழுந்து வருது," என்று ஆரம்பித்தாய். "அதுக்கு ஒரு எடம் வேணும். தனக்குன்னு ஒரு முகவரியத் தானே செஞ்சுக்குது. செஞ்சுகினு, அக்கம்பக்கத்துல கீற மெஷினையெல்லாம் கேக்குது, இந்த எடத்துல ஏற்கெனவே யாருனா கீறீங்களான்னு."

"பஸ்ஸுல ஏறுனா, ஆளு வருதான்னு கேக்கறோம்ல, அப்டி," என்றார் சின்னபொண்ணு அக்கா. பக்கத்து மேலூரில் சாமைக் காடு வைத்திருந்தவர், புளிக் காலத்தில் உன் கொட்டகைக்கு வருகிறவர்.

"அதேதான். கேட்டுட்டு..." நீ தாளைத் திருப்பினாய். மறுபடி முன்பக்கம் பார்த்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாய். அந்த நாடகமெல்லாம் வேண்டுமென்றே செய்ததுதானே? "கேட்டுட்டுக் குந்திக்குது."

"பதிலு வர்ற வரைக்கும் நிக்காதா?"

"நிக்கல."

"அப்ப இன்னாத்துக்குக் கேக்கணும்? எதுத்தாப்ல கீறவன் வாயத் தொறக்கறதுக்குள்ள குந்திக்கினா, அதுக்குப் பேரு கேக்கறதா சார்?"

"நம்ம சாரு பஸ்ஸுலயும் அப்டித்தான் குந்துவாரு," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. உண்மை என்பதுதான் அதில் எரிச்சல்.

நான் விளக்கினேன். நிற்பதென்றால் ஒரு விநாடி போகும். சாமை கண் இமைக்கிற நேரத்தில் எழுந்துவிடும் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தவன் நான், அந்த விநாடியை வேண்டுமென்றேதான் வெட்டினேன். இத்தனை கோடானுகோடி முகவரி இருக்கும்போது இரண்டு கணினி ஒரே முகவரியில் வந்து மோதுமா? மொத்த பஸ்ஸும் காலி, யாருக்காக நிற்பது?

"காலி பஸ்ஸா இருந்தாலும் கேட்டுட்டு, நின்னு, அப்பாலதான்யா குந்தணும்," என்றாய். "இது மருவாதிக்கு இல்ல. அந்த நெறிமுறை விதியிலயே நில்லுன்னு எழுதிக் கீது. நீ படிக்கல."

"படிச்சேன்."

"அப்ப அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "புளி உரிக்கிறவங்ககிட்ட கேட்டுத்தான் நெட்வொர்க் எழுதணும்னா, எனக்கு இந்த வேலையே வேணாம்."

ஓடு உடையும் சத்தம் நின்றுவிட்டது. சின்னபொண்ணு அக்கா தன் விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார், எங்கோ கிளம்புகிறவரைப் போல. கிளம்பவில்லை. நீ கூடையிலிருந்து எழுந்து, காகிதக் கட்டை என் கையில் திணித்து, "வெளிய போ" என்றாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை இரண்டு வாரத்தில் தீர்ந்திருக்கும். உனக்கு அதுவும் தெரியும்.

நான் பஸ்ஸில் ஜமுனாமரத்தூர் வந்து சேர்வதற்குள் உன் அஞ்சல் உலகமெல்லாம் போய்விட்டது. 'இவர் கேட்கிறார், பதிலுக்கு நிற்பதில்லை. நிரலும் இவரைப் போலவே இருக்கிறது. இனி இவர் எழுதும் ஒரு வரியையும் நான் படிக்கப் போவதில்லை.' பதிலுக்கு நான் எழுதியதை இங்கே சொல்ல மாட்டேன். அதில் உன் பெங்களூரு வேலை ஏன் போனது என்பது பற்றி ஒரு வதந்தி இருந்தது. நானே கிளப்பிய வதந்தி.

இரண்டு வருடம் பேசவில்லை. ஒரே ஒருமுறை ஆலங்காயம் பஸ்ஸில் பார்த்தோம். நான் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நீ ஏறினாய், இளைத்திருந்தாய், ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவரிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி, "ஆள் வருதாங்க?" என்றாய். அவருக்குக் காது மந்தம். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி, அடுத்த நிறுத்தம் வரைக்கும் நின்றாய். நிற்க முடியாமல் உன் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். இவனுக்கு இது தேவையா என்று நினைத்தேனே தவிர, ஏன் நடுங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சிறுநீரகம் என்பது பிறகு ஊர்ப் பேச்சில்தான் தெரிந்தது. ஊர்ப் பேச்சை எல்லாம் முதலில் கேட்கிறவன் நான், இதை மட்டும் கடைசியில் கேட்டேன்.

புளி உலுக்கும் மாதத்தில் செத்துப்போனாய். பஸ்ஸில் நடத்துநர் கேட்டார்:

"கேசு இன்னா ஆச்சு சார்?"

"எதிராளி தவறிட்டாருங்க."

"அப்ப தீர்ப்பு உங்களுக்குத்தான்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

தீர்ப்பு எனக்குத்தான் போலிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பேசி, வலைப் பகுதியில் உன் இடத்துக்கு இனி நீங்களே வாருங்கள் என்று எனக்கு எழுதினார்கள். என் நிரல் எத்தனை காலம் காத்திருக்கும், சேர்த்துவிடுங்கள் என்றார்கள். ஆனால் விதி இருக்கிறதே, 'படித்தவர்' வேண்டுமே? ஒருவர் யோசனை சொன்னார்: அவர் நினைவாக அவர் பெயரையே அந்த வரியில் போட்டுவிடலாமே.

போட்டேன். என் கையாலேயே உன் பெயரை என் நிரலின் கீழே அடித்தேன். உயிரோடு இருந்தபோது தராததைச் செத்தவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தெரியாது. நிரலை உள்ளே சேர்க்கும் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் பாக்கி.

அவசரமும் இருந்தது. சின்னபொண்ணு அக்கா இப்போது சாமை விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்து அறையில் இருக்கிற நான்கு கணினிகளும் யாரோ கழித்துப்போட்டவை, நாலிலும் நம் சாமைதான் ஓடுகிறது. மலைக்கு இணைய இணைப்புத் தருகிறவன் பழைய வகை முகவரியை நிறுத்திவிட்டான், இனி புதியது மட்டும்தான். அன்றிலிருந்து நான்கும் ஊமை. விளைந்த சாமை எத்தனை மூட்டை இருக்கிறது என்று கீழே வாங்குகிறவர்களுக்குச் சொல்ல, அக்கா பஸ் ஏறிப் போளூர் போய்வருகிறார். என் கடைக்கு வந்து நிற்பார்.

"உன் கூட்டாளி போய்ட்டாரு. நீ கீற. எப்ப சார் பேச வெப்ப?"

"இந்த வாரங்கா."

"எந்த வருசத்து இந்த வாரம்?"

பழசை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொத்தானை அழுத்த நான் குறித்துவைத்திருந்த நாளன்று காலையில்தான் நடத்துநர் அந்தச் சாக்குப் பையைக் கடை வாசலில் இறக்கினார். "காவலூர் அந்தம்மா குடுத்தாங்க சார். இன்னா, அப்பீலா?"

அப்பீல்தான். என் நிரலின் கடைசி வடிவம், உன்னோடு பேச்சு நின்ற பிறகு நான் பொதுவில் போட்டு வைத்தது. ஒரு வரியையும் படிக்க மாட்டேன் என்று உலகத்துக்கே சொன்னவன் அறுபத்து மூன்று பக்கத்தையும் படித்திருக்கிறாய். என் கடையில் அச்சிட்டால் தெரிந்துவிடும் என்று ஆலங்காயம் போய் அச்சிட்டிருக்கிறாய். மட்டமான அச்சு, ஓரமெல்லாம் மங்கல். என் கடையில் இதைவிட நன்றாக வந்திருக்கும். புளுகுணி!

உன் மனைவி லூர்துவுக்கு போன் போட்டேன்.

"டயாலிசிஸுக்கு வேலூர் போவும்போதெல்லாம் எடுத்துகினு போவாருண்ணா," என்றார். "ஒரு கையில டியூபு, ஒரு கையில பேனா. நர்சு புடுங்கினா கத்துவாரு. 'வுடும்மா, இன்னும் இருபது பக்கம் கீது, அந்த ஆளு எங்கனா தப்பு பண்ணியிருப்பான்'னு."

"கண்டுபிடிச்சாரா?"

"அது எனக்கு இன்னாண்ணா தெரியும்? முடிச்ச அன்னிக்கு மூஞ்சி நல்லா இருந்திச்சு. உங்களுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டேன். 'அவனே வந்து கேக்கட்டும்'னாரு. நீங்க வரல. அதான் நானே அனுப்பிட்டேன்."

நான் போகவில்லை. அடக்கத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சிவப்பு 'சரி', பக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்து. நான் எதிர்பார்த்தது வசவு. வசவை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் பக்கத்தில் 'நல்லா இருக்கு' என்றுகூட எழுதி, பிறகு அடித்திருந்தாய். அடித்தாலும் தெரிகிறது. நாற்பதாம் பக்கம் வரை சரி. நாற்பத்திரண்டிலிருந்து அறுபத்து மூன்று வரை சரி. நடுவில் ஒரே ஒரு பக்கம் மட்டும் சரி இல்லை. அங்கே ஒரு சுழி, கீழே: 'இன்னும் நிற்கவில்லை.' கடைசித் தாளில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய். வெறும் இடம்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! சாகப்போகிற நேரத்தில்கூட ஒரு விநாடியை விட்டுக்கொடுக்காத மனுஷன்! அந்தப் பக்கத்தில் நீ சொல்வது தப்பு என்று காட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்தேன். செத்தவனை வாதத்தில் ஜெயிக்க நினைக்கிறவன் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

சங்கத்து அறைக்குப் போனேன். ஒரு கணினியில் என் நிரலை ஏற்றினேன். பேசியது! பழைய முகவரியே இல்லாத இணைப்பில், புதிய நெறிமுறையில், முதன்முறையாக நிஜமாகவே பேசியது. கத்திவிட்டேன். அக்கா வெளியிலிருந்து ஓடிவந்தார். மற்ற மூன்றுக்கும் தனித்தனியாக ஏற்றச் சோம்பல், முதல் கணினியின் ஹார்டு டிஸ்க் வட்டை அப்படியே மூன்றுக்கும் நகல் எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? இரண்டாவதைப் போட்டேன். இரண்டாவது ஊமை. பேசிக்கொண்டிருந்த முதலாவதும் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவதை அணைத்தால் முதலாவது பேசுகிறது. போட்டால் இரண்டும் உம்மென்று இருக்கின்றன.

"இன்னா சார், மாமியா மருமவ மாதிரி?" என்றார் அக்கா.

அரைநாள் பிடித்தது. முகவரி செய்துகொள்வதற்காக ஒவ்வொரு கணினியும் ஓர் இரகசிய எண்ணைத் தன் வட்டில் எழுதி வைத்திருக்கும். நான் நகல் எடுத்ததில் அந்த இரகசியமும் நகலாகிவிட்டது. நான்குக்கும் ஒரே இரகசியம், ஆகவே ஒரே முகவரி. இரண்டாவது கணினி எழுந்ததும் முறையாகக் கேட்டது: இங்கே யாராவது இருக்கிறீர்களா? முதலாவது, நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் இது உட்கார்ந்துவிட்டது. கோடானுகோடி இடம் இருக்கிற பஸ்ஸில், ஒருத்தி மடியில் ஒருத்தி.

நடந்ததை அக்காவுக்குச் சொன்னேன், ஊர்ப் பேச்சில். அவர் சிரிக்கவில்லை. "நான் அன்னிக்கே கேட்டேன்," என்றார்.

அந்த விநாடியை எழுதிச் சேர்த்தேன். கேட்டுவிட்டு நிற்க வேண்டும், பதில் வந்தால் வேறு முகவரி செய்துகொண்டு மறுபடி கேட்க வேண்டும். நான்கு கணினியும் ஒன்றாகப் பேசின. பிறகு உன் பெயரை 'படித்தவர்' வரியிலிருந்து அழித்தேன். தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கையெழுத்துப் போடவில்லை, போடாதவன் பெயரை நான் ஏன் போட வேண்டும்? உனக்கு ஓசியில் புகழ் தர எனக்கு என்ன வேண்டுதலா?

ஆனால் விதிப்படி இன்னொருவர் வேண்டுமே. மறுநாள் காவலூருக்கு பஸ் ஏறினேன். அக்காவும் வந்தார். லூர்து கொட்டகையைத் திறந்துவிட்டார். புளிக் காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் அதே பெண்களில் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். உன் கூடை கவிழ்ந்தபடியே கிடந்தது. அதில் உட்காராமல் நின்றுகொண்டே படித்தேன். அறுபத்து மூன்று பக்கமும். "இன்னாது?" என்று ஏழு இடத்தில் கேட்டார்கள், ஏழையும் திருத்தினேன். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது.

"கேட்டுட்டு நிக்குதுக்கா," என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு விநாடி."

"போதும்," என்றார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், "புளி உரிக்கறவ கிட்ட வந்து கேக்கற, இன்னா சார்?"

"ஆமாங்கா. பதிலுக்கு நின்னுகினுதான் கீறேன்."

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. ஒரு விநாடியைவிட நிறைய நேரம் சொல்லவில்லை. கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கடைசியில், "எம் பேர ஒழுங்கா எழுது, தப்பா எழுதினா தாளக் கிழிச்சிருவேன்," என்றார்.

'படித்தவர்: சின்னபொண்ணு' என்று போட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள், இவர் யார், வலைப் பகுதியில் முன் அனுபவம் உண்டா என்று. உண்டு, இந்தப் பிழையை முதலில் கண்டவர் இவர்தான், கேட்காதவன் நான் என்று எழுதினேன். அந்த அஞ்சலை நீ படித்திருக்க வேண்டும். உனக்கு எதிராக நான் எழுதியதிலேயே சிறந்தது அது. ஏனென்றால் அதில் உன் பெயரே இல்லை.

அந்தப் பெங்களூரு வதந்தி பற்றியும் எல்லோருக்கும் எழுதிவிட்டேன், நான் கிளப்பியது என்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மைசூர்பாகுக்கு மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம்.

உன் இடத்துக்கு வரச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறார்கள். பதில் போடவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்து கணினியைப் போடுகிறேன். சாமை எழுகிறது, இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறது, ஒரு விநாடி சும்மா இருக்கிறது. கண் இமைக்கிற நேரத்தில் எழுந்துகொண்டிருந்தது, உன்னால் இப்போது மந்தமாகிவிட்டது. அந்த விநாடியில் ஒரு வசவுக்குத்தான் இடம் உண்டு. சின்னதாக ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன், தினமும் தவறாமல் சொல்கிறேன். பதில் எதுவும் வருவதில்லை. வராவிட்டால் இடம் காலி என்று விதி. கணினி உட்கார்ந்துகொள்கிறது.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.